கேளுங்கள், கிளம்பலாம்: ஹா லாங்கில் ஓர் இரவு

சென்ற இதழில் வியட்நாம் பற்றிய ஒரு பதிலின் ஓரத்தில், "ஹா லாங் விரிகுடாவில் ஒரு ராத்திரி கப்பலில் தங்குங்கள்" என்று ஒற்றை வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை நிரப்பிவிட்டன. கடலுக்கு நடுவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாறைத் தீவுகள் மலைமலையாக நிற்கும் இடம் அது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அங்கே மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை பிப்ரவரி மாதம். பனிமூட்டத்தில் எதிரே நின்ற மலைகூடத் தெரியவில்லை. இரண்டாம் முறை செப்டம்பர். புயல் எச்சரிக்கையால் கப்பலே கிளம்பவில்லை. மூன்றாம் முறை, நவம்பரில் அக்காவுடன் போனபோதுதான் முழுதாகப் பார்த்தேன். ஆகவே இங்கே பதில் சொல்வது நிபுணர் அல்ல, இரண்டு முறை கோட்டைவிட்டவள்.

"இரண்டு நாள், ஒரு இரவு" என்று விளம்பரம் செய்கிறார்கள். ஹனோயிலிருந்து காலையில் போய் இரவு திரும்பும் ஒருநாள் பயணம் அதைவிட எவ்வளவோ மலிவு. அதே மலை, அதே கடல்தானே?
— தேனிலவுக்குக் கிளம்பும் புதுமணத் தம்பதி

மலையும் கடலும் அதேதான், நேரம்தான் வேறு. முதலில் அந்த "இரண்டு நாள்" கணக்கைப் பார்ப்போம். பகல் 12 மணி வாக்கில் கப்பலில் ஏற்றுவார்கள். மறுநாள் காலை ஒன்பதரைக்கெல்லாம் அறையைக் காலிசெய்யச் சொல்லி, பெட்டியை வாசலில் வைக்கச் சொல்லி, சாப்பாட்டுக் கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் கரை. ஒரு முழு நாள்கூடச் சரியாக வராது. அடுத்த கூட்டம் துறையில் காத்திருக்கும், உங்கள் படுக்கை விரிப்பை மாற்ற வேண்டும், அவர்கள் அவசரம் அவர்களுக்கு.

அப்படியென்றால் எதற்குத்தான் காசு கொடுக்கிறோம்? சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து மறுநாள் காலை ஏழு வரைக்கும்தான். ஒருநாள் படகுகள் எல்லாம் பொழுது சாய்வதற்குள் துறைக்குத் திரும்பிவிடும். அதன்பிறகு நங்கூரச் சங்கிலி கடகடவென்று இறங்கும் சத்தம், எஞ்சின் நிற்கும் சத்தம். "நிற்கும் சத்தம்" என்று ஒன்று இருப்பதையே அங்கேதான் தெரிந்துகொண்டேன். பச்சையாக இருந்த மலைகள் நீலமாகி, சாம்பலாகி, கடைசியில் வெட்டி ஒட்டிய கறுப்புக் காகிதம் போல ஆகிவிடும். பூரண மௌனம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஜெனரேட்டர் ராத்திரி முழுக்க மெல்ல உறுமிக்கொண்டிருக்கும். அதனால் கீழ்த்தளத்தில் பின்பக்க அறை வேண்டாம், முன்பக்கம் அல்லது மேல்தளம் கொடுங்கள் என்று பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள்.

விடிகாலை ஆறு மணிக்கு மேல்தளத்தில் தாய் சீ என்ற சீன உடற்பயிற்சி வகுப்பு நடத்துவார்கள். வகுப்புக்குப் போகாவிட்டாலும் அந்த நேரத்துக்கு எழுந்து மேலே போங்கள். நான் ஒரு கோப்பைக் காபியோடு போய், பத்துப் பேர் ஒற்றைக்காலில் தள்ளாடுவதையும் அவர்களுக்குப் பின்னால் மலைகள் ஆடாமல் நிற்பதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கையில் காசு இருந்தால் இரண்டு இரவு. நடுநாளில் சின்னப் படகு ஒன்றில் ஒதுக்குப்புறமான இடங்களுக்குக் கூட்டிப் போவார்கள், மணி பார்க்கிற வேலை இருக்காது. காசு இல்லையென்றால், குளியல்தொட்டி வைத்த அறையை விட்டுவிட்டு அந்தப் பணத்தை இரண்டாவது இரவில் போடுங்கள்.

ஹா லாங், லான் ஹா, பாய் து லாங் என்று மூன்று பெயரில் கப்பல்கள் விற்கிறார்கள். எது அசல்?
— குழம்பிப்போன ஒரு வாசகி

மூன்றும் அசல்தான். ஒரே சுண்ணாம்புப் பாறைக் கூட்டத்தின் மூன்று பக்கங்கள். ஹா லாங் நடுவில் இருக்கிறது. பேர்போன குகைகள் அங்கேதான், கூட்டமும் அங்கேதான். பாய் து லாங் வடகிழக்கில், கொஞ்சம் அமைதியானது. லான் ஹா தெற்கே காத் பா தீவை ஒட்டியது. ஹா லாங் குவாங் நின் மாகாணம், லான் ஹா ஹாய் ஃபோங் நகரத்தின் எல்லை. நிர்வாகம் வேறு என்பதால் அனுமதிச் சீட்டும் தடமும் வேறு, பல சமயம் படகுத்துறையும் வேறு.

கப்பல்காரர்களிடம் முதல் கேள்வியாக "ராத்திரி எங்கே நங்கூரம் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். நீச்சல்குளம், பியானோ, மதுக்கூடம் எல்லாம் அப்புறம். எவ்வளவு பளபளப்பான கப்பலானாலும், இருபது கப்பல்களோடு ஒரே இடத்தில் நின்றால் உங்கள் பால்கனி பக்கத்துக் கப்பலின் பால்கனியைத்தான் பார்க்கும். என் முதல் பயணத்தில் எதிர்க் கப்பலின் கரோக்கே பாட்டு முழுவதும் எனக்கு மனப்பாடம் ஆயிற்று. பனிமூட்டம் கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது. அமைதி வேண்டுவோருக்கு என் ஓட்டு லான் ஹாவுக்கு. குகை பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஹா லாங்.

மலைகள் கடலுக்கு நடுவே எப்படி முளைத்தன? எரிமலையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

எரிமலை இல்லை, ஐயா. முளைக்கவும் இல்லை. மலைகள் முதலில் வந்தன, கடல் பின்னால் வந்து சூழ்ந்தது.

முப்பது கோடி ஆண்டு அளவில் பின்னால் போக வேண்டும். அன்று அங்கே வெதுவெதுப்பான கடல். சிப்பி, பவளம் போன்ற உயிர்களின் ஓடுகளும் எலும்புக் கூடுகளும் அடியில் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. நிலம் மேலெழுந்தது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு மழைநீரில் கலந்தால் அது லேசான அமிலம். சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களில் புகுந்து அதைக் கரைத்துக்கொண்டே போகும். வெட்டவெளியில் கரைத்தால் பள்ளத்தாக்கு, உள்ளே கரைத்தால் குகை, கரையாமல் மிஞ்சினால் கோபுரம். கடந்த பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அப்போது இந்த இடம் முழுக்க மலைகள் நிற்கும் சமவெளி. பனி உருகி, கடல் ஏறி, சமவெளி முழுகிப்போனது. இன்று நாம் கப்பலில் போவது அந்தப் பள்ளத்தாக்குகளின் மேல்தான். யுனெஸ்கோ கணக்கில் 1,600 தீவும் திட்டும். வியட்நாம்காரர்கள் மொத்த விரிகுடாவுக்கும் 1,969 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள்.

ஆசிரியர் என்பதால் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். கப்பல் ஒரு பாறையை நெருங்கும்போது நீர்மட்டத்தைப் பாருங்கள். பாறையைச் சுற்றி உள்வாங்கிய வெட்டு ஒன்று இடுப்பு மாதிரி ஓடும். அலையும் உப்புநீரும் ஒட்டிவாழும் உயிர்களும் சேர்ந்து அரித்தது. ஓதம் இறங்கிய நேரத்தில் நன்றாகத் தெரியும். லுவோன் குகைக்குக் கூட்டிப் போனால் தவறவிடாதீர்கள். மூங்கில் படகிலோ கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகிலோ தாழ்வான ஒரு கல் வளைவுக்குள் குனிந்து நுழைந்தால், மறுபக்கம் நாற்புறமும் மலைச்சுவர் சூழ்ந்த ஒரு குளம். அதுவும் கடல்தான். உள்ளே போனதும் படகோட்டிப் பெண் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். நாங்களும் இருந்தோம்.

உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால் வேறு கதை. எதிரிக் கப்பல்கள் வந்தபோது தாய் டிராகன் ஒன்று குட்டிகளோடு வானிலிருந்து இறங்கி முத்துகளை உமிழ்ந்தது, அவையே தீவுகளாயின என்பார்கள். ஹா லாங் என்றால் "இறங்கிய டிராகன்". பாய் து லாங் குட்டிகள் நின்ற இடமாம். யுனெஸ்கோ 1994-இல் அழகுக்காகவும் 2000-இல் புவியியலுக்காகவும் இதை அங்கீகரித்தது. 2023-இல் காத் பா தீவுக்கூட்டத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

என் தாயாருக்கு 68 வயது, மூட்டுவலி. கூட்டிப் போகலாமா?
— மகன்

தாராளமாக. என் அக்காவின் முட்டியும் அப்படித்தான். நான் குகைப் படிகளை நினைத்துப் பயந்தேன், சிரமம் வந்தது வேறிடத்தில். கப்பலிலிருந்து கரைக்கோ குகைக்கோ நேராகப் போக முடியாது. சின்னப் படகு ஒன்றுக்கு மாற வேண்டும். இரண்டும் ஆடும், ஒரு அடி இடைவெளி, ஒரு அடி உயர வித்தியாசம். ஊழியர்கள் இரண்டு பக்கமும் கைபிடித்து இறக்குவார்கள். "அவசரப்படாதே, அவங்க சொல்ற நேரத்துல கால் வை" என்று அக்காவிடம் நான் சொல்ல, அக்கா எனக்கு முன்னால் இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டு, தடுமாறிக்கொண்டிருந்த எனக்குக் கை நீட்டினார். அந்தப் படகில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

சுங் சோத் குகைக்கு ஏறியும் இறங்கியும் நூற்றுக்கணக்கான படிகள். ஒரு வழி ஏறி மறு வழி இறங்குவது, பாதியில் திரும்புவது சங்கடம். அந்தப் பெயருக்குத் திகைப்பு என்று பொருள்; 1901-இல் பிரெஞ்சுக்காரர்களும் இதைத் திகைப்புக் குகை என்றே அழைத்தார்கள். உள்ளே இருக்கும் பெரிய கூடத்துக்குள் நுழைந்ததும் ஏன் என்று புரியும். தாயாருக்கு வேண்டாம். தி தோப் தீவில் உச்சிக்கு 400-க்கும் மேல் படிகள். ஆனால் அங்கே கீழேயே பிறைவடிவ மணற்கரை இருக்கிறது, நாற்காலி கிடைக்கும். சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் தித்தோவ் 1962-இல் வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னோடு இங்கே வந்ததால் தீவுக்கு அவர் பெயர். பூமியைச் சுற்றியவரின் சிலைக்குப் பக்கத்தில் அக்கா ஒரு மணி நேரம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

எதற்கும் இறங்காமல் கப்பலிலேயே இருக்கவும் விடுவார்கள். பெரிய புதுக் கப்பல்கள் சிலவற்றில் லிஃப்ட் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

சைவம் சாப்பிடுவோர் பட்டினிதானா?
— ஒரு குடும்பத்தலைவி

பட்டினி இல்லை, ஆனால் முன்கூட்டியே எழுதாவிட்டால் வெள்ளைச் சோறும் வெள்ளரிக்காயும்தான். வியட்நாமில் பௌத்தச் சைவ உணவுக்குப் பழைய மரபு உண்டு. "ஆன் சாய்" என்றால் புரிந்துகொள்வார்கள். அதோடு நிறுத்தாமல் "நுவோக் மாம் வேண்டாம்" என்றும் சொல்லுங்கள். அது மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் சாறு. பார்வைக்குத் தெரியாது, வதக்கிய கீரையில்கூட இருக்கும். முட்டை சாப்பிடாதவர்கள் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தக்காளியில் கொதித்த டோஃபு, காளான், தாமரை விதை போட்ட ஒரு சூப் எல்லாம் வந்தன. காரம் மட்டும் தேடிக் கேட்டு வாங்க வேண்டும்.

அசைவக்காரர்களுக்கு யோசனையே வேண்டாம். சிப்பி, இறால், அப்புறம் ஹா லாங்கின் சொந்தச் சரக்கான கணவாய் வடை. வடை என்று நான் சொல்கிறேன். கணவாயைக் கையால் இடித்துத் தட்டிப் பொரிப்பது.

கடல் பயணத்தில் எனக்கு வாந்தி வரும்…
— ஒரு வாசகர்

ஆயிரம் தீவுகள் அலையைத் தடுத்து நிற்கின்றன. நல்ல நாளில் தட்டில் இருக்கும் சூப்கூட ஆடாது. ஹனோயிலிருந்து வரும் இரண்டரை மணி நேர வேன் பயணத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டுகளில் அங்கே படகு கவிழ்ந்த செய்தி படித்தோம். பாதுகாப்பா, இல்லையா? எந்த மாதம் போகலாம்?
— இரண்டு கடிதங்கள், ஒரே கவலை

கவலைப்படுவது நியாயம்தான். 2025 ஜூலை 19 அன்று பிற்பகலில், திடீரென்று வந்த இடிமழைச் சூறையில் 49 பேர் இருந்த ஒருநாள் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன், 2011 பிப்ரவரியில் தி தோப் தீவருகே நங்கூரமிட்டிருந்த மரப்படகு ஒன்று விடிகாலையில் மூழ்கி 12 பேர் இறந்தார்கள், பயணிகள் உறக்கத்தில் இருந்தபோது. 2024 செப்டம்பரில் யாகி புயல் அந்தக் கரையையே புரட்டிப் போட்டது. இன்றைக்கு ஓடும் பெரிய இரவுக் கப்பல்கள் இரும்பு உடல் கொண்டவை. செந்நிறப் பாய் கட்டியிருப்பதெல்லாம் படம் எடுக்கத்தான், ஓடுவது எஞ்சினில்.

புயல் என்றால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களைக் கிளம்ப விடமாட்டார்கள். என் இரண்டாம் பயணம் அப்படித்தான் நின்றது. வானம் பளிச்சென்று இருந்தது, காற்றுகூட இல்லை. துறையில் பெட்டியோடு நின்ற எல்லோருக்கும் கோபம், எனக்கும்தான். மறுநாள் மதியம் ஹனோய் விடுதியின் ஜன்னல் வழியே மரங்கள் வளைந்ததைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. பணம்தான் லேசில் வரவில்லை, திரும்பி வர ஒன்பது வாரம் ஆயிற்று. ரத்தானால் முழுத்தொகை தருவீர்களா, வேறு தேதியா என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விமானம் பிடிக்கும் நாளுக்கு முந்தைய இரவைக் கப்பலுக்கு ஒதுக்காதீர்கள்.

அறைக்குப் போனதும் லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், ஒரு முறை போட்டுப் பாருங்கள். வெளியேறும் வழியை ஒரு தடவை நடந்து பாருங்கள். பாதுகாப்பு விளக்கம் சொல்லும்போது வரவேற்புப் பழரசத்தில் கவனம் போய்விடும், எனக்குப் போனது.

மாதம் என்று கேட்டால் அக்டோபர் பிற்பகுதி, நவம்பர். அடுத்தபடி ஏப்ரல். டிசம்பர், ஜனவரியில் குளிரும், ஸ்வெட்டர் போதும். பிப்ரவரி, மார்ச்சில் ஊசித் தூறலும் பனிமூட்டமும். அதை ரசிப்பவர்களும் இருக்கிறார்கள், சீன ஓவியம் போல இருக்கிறதாம். நான் ஓவியத்தின் வெள்ளைப் பகுதியை மட்டும் பார்த்தேன். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை வெயில், இடிமழை, புயல்.

ஐந்து நட்சத்திரம் என்று போட்டிருந்தால் நம்பலாமா?
— ஏமாற விரும்பாதவர்

நான் நம்பினேன். ஹனோய் பழைய நகரத்தில் ஒரு பயண முகவர் காட்டிய ஆல்பத்தில் வெள்ளை மாளிகை மாதிரி ஒரு கப்பல். துறைக்குப் போனால் வேறு கப்பல். "அதன் தங்கை" என்றார்கள். தங்கைக்கு வயது அதிகம்.

அங்கே 2012 வாக்கில் சுற்றுலாப் படகுகள் எல்லாம் வெள்ளை அடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. படத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே கப்பலின் பெயர், மொத்தம் எத்தனை அறை, எந்த ஆண்டு கட்டியது என்ற மூன்றும் ரசீதில் இருக்கட்டும். என் கணக்கில் இருபது அறைக்குக் குறைந்த கப்பல்தான் சொகுசு. நூறு பேர் வரிசையில் நின்று சாப்பாடு எடுத்தால், தட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கல்யாணப் பந்தி. விலையில் சாப்பாடு, நுழைவுக் கட்டணம், கயாக் சேர்ந்திருக்கும்; பானங்கள் பெரும்பாலும் சேராது. கடைசி நாள் பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடிக்காமல் இருக்க, தண்ணீர் இலவசமா என்று முதலிலேயே கேளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 முதல் விரிகுடாவில் தடை. உங்கள் சொந்த பாட்டில் எடுத்துப் போங்கள்.

மிதக்கும் கிராமங்களில் இன்னும் மக்கள் வாழ்கிறார்களா?
— கல்லூரி மாணவி

பெரும்பாலும் இல்லை, அம்மா. கூவா வான், வுங் வியெங் போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர்மேல் பிறந்து வாழ்ந்தவர்களை 2014 வாக்கில் அரசு கரையில் வீடு கட்டிக் குடியேற்றியது. பள்ளிக்கூடம், புயல், கழிவுநீர் என்று காரணங்கள் இருந்தன. இப்போது நீ பார்ப்பது மீன் வளர்ப்புக் கூண்டுகள், சில காவல் வீடுகள், சுற்றுலாவுக்காகப் படகு ஓட்ட வருகிறவர்கள். எங்களை ஏற்றிச் சென்ற பெண்மணி வுங் வியெங்கில் பிறந்தவர். "கரை வீட்டில் தூக்கம் வருகிறதா?" என்று வழிகாட்டி மூலம் கேட்டேன். முதல் வருடம் வரவில்லையாம், வீடு ஆடாமல் இருந்ததால்.

ராத்திரி கணவாய் பிடிக்க விடுவார்களாமே. உங்களுக்குக் கிடைத்ததா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன்

விளக்கைத் தண்ணீரில் அடித்துத் தூண்டில் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம். இல்லை.

விசா, பணம் பற்றிச் சுருக்கமாக…
— அவசரக்காரர்

ஈ-விசா, 90 நாள்வரை, ஒருமுறை நுழைய 25 டாலர். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுத்துப் பிசகாமல் நிரப்புங்கள். அந்த பாஸ்போர்ட் கப்பலுக்கும் வேண்டும், பெட்டியில் வைத்து ஹனோய் விடுதியில் விட்டுவிட்டு வராதீர்கள்.

பணம் டாங். 20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீலச் சாயல், மங்கிய வெளிச்சத்தில் அண்ணன் தம்பி. படகோட்டிக்கு டிப்ஸ் கொடுக்கும்போது பூஜ்யத்தை எண்ணிவிட்டுக் கொடுங்கள். 200,000 டாங் நோட்டின் பின்பக்கத்தில் ஊதுவத்திச் சட்டி போன்ற ஒரு பாறை இருக்கும், ஹா லாங்கின் தின் ஹுவோங் பாறை. நானும் அக்காவும் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேல்தளத்தில் நின்று, வருகிற ஒவ்வொரு பாறையோடும் ஒப்பிட்டுக்கொண்டே போனோம். தேநீர் கொண்டுவந்த பையன் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கப்பலின் பின்பக்கம் கை காட்டினான். அரை மணி நேரத்துக்கு முன்பே, நாங்கள் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தாண்டி வந்துவிட்டோமாம்.